மரபணு அப்பாவுடையது, ஆபத்து மகளுக்கும்

கேள்வி: அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தது. தம்பியை உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எனக்கு 34 வயது. 'பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை பயமில்லை' என்று என்னை விட்டுவிட்டார்கள். சரியா?

பதில்: தவறு. தம்பிக்குச் செய்த பரிசோதனையை நீங்களும் செய்துகொள்ளுங்கள். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் அதற்குக் காரணமான எல்.டி.எல்.ஆர். மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம் எதிலும் இல்லை. அதனால் மகனோ மகளோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. வயதுதான் வித்தியாசப்படும். சிகிச்சை எடுக்காத ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வருகிறது. பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 60 வயதுக்குள். சில ஆண்டுகள் தள்ளிப்போவதைத்தான் பலர் 'பெண்களுக்கு வராது' என்று புரிந்துகொள்கிறார்கள்.

லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், தைராய்டு குறைவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பரம்பரைக் காரணத்தைத் தேட வேண்டும். குதிகால் தசைநாண் தடித்திருக்கிறதா என்று மருத்துவர் அழுத்திப் பார்ப்பதும் இதற்காகத்தான். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் இன்னொரு துகளான 'லிப்போபுரோட்டீன் ஏ' வழக்கமான பட்டியலில் இருக்காது, கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மரபணுவே அதன் அளவைத் தீர்மானிப்பதால் பொதுவாக ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது லிட்டருக்கு 125 நேனோமோலுக்கு மேல் என்றால் கவனம் தேவை. ஒரு அலகை இன்னொன்றாகப் பெருக்கி மாற்றாதீர்கள், கணக்கு தப்பும்.

கர்ப்பத்தில் கொழுப்பு இயல்பாகவே ஏறும். அப்போது எடுத்த அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்கினால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பகால ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்திருந்தால், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால், அதையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை; நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

கேள்வி: மரபணுப் பரிசோதனையில் '9பி21 ஆபத்து வகை உள்ளது' என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 9பி21 என்பது 9ஆம் குரோமோசோமில் ஓர் இடம். 2007இல் கண்டறியப்பட்ட இந்த வகை மிகப் பரவலானது. ஒவ்வொரு பிரதியும் ஆபத்தை ஏறத்தாழ கால் பங்கு கூட்டுகிறது, அவ்வளவுதான். சிகிச்சையை இது மாற்றாது. 2016இல் வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து அதிகமுள்ளவர்களிலேயே நல்ல வாழ்க்கைமுறை உடையவர்களுக்கு இதய நோய் 46 சதவீதம் குறைவாக இருந்தது. இந்தக் காசை முதலில் லிப்போபுரோட்டீன் ஏ-க்குச் செலவிட்டிருக்கலாம்.

கேள்வி: அக்காவுக்கு 44 வயதில் மாரடைப்பு. ஆஞ்சியோகிராமில் கொழுப்பு அடைப்பு இல்லை, ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்திருக்கிறது என்றார்கள். எனக்கும் வருமா?

பதில்: தானாகக் கிழியும் இந்த வகையில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கு வருவது அரிது. விசித்திரம் என்னவென்றால், இந்த ஆபத்தைக் கூட்டும் ஃபாக்டர்1 (PHACTR1) மரபணு வகை, கொழுப்பு அடைப்பின் ஆபத்தைக் குறைக்கிறது! ரத்த ஓட்டம் சீராக இருந்தால் ஸ்டென்ட் வைக்காமல் காத்திருப்பதே வழக்கம். கம்பியை நுழைக்கும்போது கிழிசல் நீளக்கூடும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாக ஆறிவிடும். கழுத்து, சிறுநீரக ரத்தக்குழாய்களையும் ஸ்கேன் செய்து பார்த்தார்களா என்று அக்காவைக் கேட்கச் சொல்லுங்கள்.