வாசகர் கேள்வி – பதில்: கேரவன் பார்க், விழா மண்டபம், நகராட்சி அனுமதி

கேள்வி: உம்சிண்டோ அருகே எங்கள் பெரியப்பாவுக்குக் கரும்புப் பண்ணை இருக்கிறது. அதில் ஆற்றை ஒட்டிய ஒரு பகுதியைப் பதினைந்து ஆண்டுக் குத்தகைக்கு எனக்குத் தர அவர் சம்மதித்திருக்கிறார். இருபது கேரவன்கள் (காரில் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள்) நிற்கவும், விடுமுறைக் காலத்தில் கூடாரங்கள் போடவும் வசதி செய்ய நினைக்கிறேன். குளியலறை, கழிப்பறைக் கட்டடத்துக்குக் கொத்தனாரிடம் விலை கேட்டாயிற்று. அனுமதிக்கு எங்கே தொடங்குவது?
– உம்சிண்டோ வாசகர்

பதில்: கொத்தனாருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கட்டடத்துக்கு அனுமதி கேட்பது இரண்டாவது படி. அந்த நிலத்தில் கேரவன் பார்க் நடத்தலாமா என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை நகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. திட்டமிடல் பிரிவுக்குப் போய், பண்ணையின் எண்ணைச் சொல்லி, அது எந்த மண்டலத்தில் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துத் திட்டங்களில் பொதுவாக ஒவ்வொரு மண்டலத்திலும் பயன்பாடுகளை மூன்றாகப் பிரித்திருப்பார்கள்: தாராளமாகச் செய்யக்கூடியவை, சிறப்பு ஒப்புதல் பெற்றுச் செய்யக்கூடியவை, செய்யவே கூடாதவை. கேரவன் பார்க் இரண்டாவது வகையில் வந்தால் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மூன்றாவது வகையில் வந்தால் மண்டலத்தையே மாற்றக் கேட்க வேண்டும், அது நீண்ட வேலை.

இந்த விண்ணப்பங்கள் யாவும் 2013-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் சட்டமான இடத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டு மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இதை அலுவலகங்களில் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'ஸ்ப்ளூமா' என்றே சொல்கிறார்கள். அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்களுடைய ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதி, அதன் பிறகுதான் முடிவு வரும். அந்த முடிவில் உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பலமுறை பார்த்திருப்பதால், கடிதம் கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'பதினைந்து ஆண்டு' என்ற சொல். விவசாய நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் குத்தகைக்கு விடுவதானால், 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி விவசாய அமைச்சரின் ஒப்புதல் தேவை. சொந்தப் பெரியப்பாவே ஆனாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நில உரிமைப் பத்திரத்தையும் அவர் வரிவரியாகப் படிக்கட்டும், ஏனெனில் பழைய பத்திரங்களில் இன்னின்ன தொழில் நடத்தக் கூடாது என்ற நிபந்தனைகள் மறைந்து கிடப்பதுண்டு, அவற்றை நீக்கத் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

அடுத்தது ஆறு. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் சுற்றுலா வசதி சில குறிப்பிட்ட இடங்களில் அமைந்தால், 2014-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின் கீழ் தனி அனுமதி தேவைப்படும். உங்கள் இடம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதைச் சுற்றுச்சூழல் ஆலோசகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எதுவரை ஏறும் என்பதைப் பொறியாளரைக் கொண்டு வரைபடத்தில் கோடாகக் குறித்து வாங்குங்கள். நகராட்சி கேட்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 1987 செப்டம்பரிலும் 2022 ஏப்ரலிலும் நம் ஆறுகள் என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். 2022-இல் 400-க்கும் மேற்பட்டோரை இந்த மாகாணம் இழந்தது. கூடாரத்துக்குள் தூங்குகிறவருக்குத் தண்ணீர் ஏறுவது கடைசி நேரத்தில்தான் தெரியும். அந்தக் கோட்டுக்கு உள்ளே ஒரு கூடாரத்துக்கும் இடம் ஒதுக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்கரையில் ஒரு குடும்பம் கட்டி முடித்திருந்த குளியலறைக் கட்டடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளை ஓடு பதித்து, கண்ணாடி மாட்டி, குழந்தைகளுக்கென்று தாழ்வான தொட்டிகூட வைத்திருந்தார்கள். வெளியே வந்து பார்த்தால், கழிவுநீர்த் தொட்டியின் மூடியிலிருந்து ஓடைக்குப் பத்து அடிதான் இருந்தது. வரைபடம் ஏற்கப்படவில்லை. தொட்டியை மேட்டுக்கு மாற்றத் தரையைத் தோண்டியதில் அந்த ஓடுகளில் பாதி உடைந்து போயின. நில ஒப்புதல் கைக்கு வந்த பிறகு கட்டட வரைபடத்தைக் கொடுத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. வரைபடம் முழுமையாக இருந்து, கட்டடம் 500 சதுர மீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், நகராட்சி 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டடச் சட்டம் சொல்கிறது. ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் என் அண்ணன் பழைய கிடங்கு ஒன்றை வாங்கியிருக்கிறார். கலியாணம், பிறந்தநாள் விழா, சனிக்கிழமை இரவு நடனம் ஆகியவற்றுக்கு வாடகைக்கு விடப் போகிறார். கட்டடம் ஏற்கெனவே இருப்பதால் புதிய அனுமதி எதுவும் வேண்டாம் என்கிறார். அது சரியா?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: சரியில்லை, சகோதரி. இந்தப் பதிலை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். சரக்கு வைக்கும் கட்டடம் ஒரு வகை, மக்கள் கூடும் கட்டடம் வேறு வகை. தேசியக் கட்டட விதிகளில் கேளிக்கைக்கும் பொதுக் கூட்டத்துக்கும் உரிய இடங்கள் 'ஏ1' என்ற வகுப்பில் வருகின்றன. நிரந்தர இருக்கைகள் இல்லாத கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர் என்று கணக்கிடுவார்கள். அதன்படி 300 சதுர மீட்டர் கூடம் 300 பேருக்கானது. கழிப்பறைகள் எத்தனை, வெளியேறும் கதவுகள் எத்தனை, அவை எவ்வளவு அகலம் என்பவை எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே அமையும். கிடங்குக்கு முன்பக்கம் ஒரு பெரிய இரும்புக் கதவே போதுமாக இருந்திருக்கலாம், ஆனால் 300 பேருக்கு அது போதாது. எனவே நிலப் பயன்பாட்டு ஒப்புதல், மாற்றிய வரைபடத்துக்கு அனுமதி, தீயணைப்புத் துறையின் பார்வை, புதிய பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற நான்கும் முதல் விழாவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2000 மார்ச் 24 அன்று சாட்ஸ்வொர்த்தில் இரவு விடுதி ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் விருந்து நடந்தபோது, கண்ணீர்ப்புகைக் குப்பி ஒன்று வெடித்தது. வெளியேற முண்டியடித்த நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் 43 பேர் நெரிசலில் மாண்டார்கள். விளையாட்டு, கேளிக்கை நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பின்னர் வந்தது. அந்தச் சட்டம் குறைந்தது 2,000 பேர் கொள்ளும் இடங்களுக்கே பொருந்தும். அண்ணனுடையதைப் போன்ற சிறு கூடங்களைக் காக்க நகராட்சியின் துணை விதிகளும் தீயணைப்பு அதிகாரியும் உரிமையாளரின் மனச்சாட்சியும்தான் இருக்கின்றன. ஒரு கலியாணக் கூடத்தில் அவசரக் கதவின் தாழ்ப்பாளில் சைக்கிள் பூட்டு தொங்கியதை நானே கண்டேன். அழையாதவர்கள் அந்த வழியாகச் சாப்பிட வந்துவிடுகிறார்களாம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆள் நுழைவதைத் தடுக்கக் காவலுக்கு ஒருவரை நிறுத்தலாம், கதவைப் பூட்டக் கூடாது.

1991-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் தொழில் சட்டப்படி, சமைத்த உணவு விற்பதற்கும் இரவு விடுதியோ டிஸ்கோவோ நடத்துவதற்கும் நகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். சனிக்கிழமை நடனம் அந்த வகையில் வருமா என்பதை உரிமப் பிரிவில் எழுத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். மதுபான உரிமத்தை மாகாணம் தருகிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: நடந்துகொண்டிருக்கும் முகாம் திடல் ஒன்றைச் சிற்றுண்டிக் கடையோடு விலை பேசுகிறோம். விற்பவரின் சான்றிதழ்கள் எங்களுக்குச் செல்லுமா?
– ஸ்டேங்கர் வாசகர்

பதில்: கடைக்குரிய உணவிடத் தகுதிச் சான்றிதழ் செல்லாது. 2018-ஆம் ஆண்டின் 'ஆர் 638' விதிகளின்படி அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறாது, நகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் உங்கள் பெயரில் புதிதாக வாங்க வேண்டும். திடலுக்குரிய ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்கி, எத்தனை கேரவன், எத்தனை கூடாரம் என்ற நிபந்தனையைப் பாருங்கள். பிறகு ஒப்புதல் முத்திரை பதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு திடலைச் சுற்றி நடந்து, மண்ணில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு கட்டடமாகச் சரிபாருங்கள். கேரவன்களுக்கு மின்சாரம் தரும் கம்பங்களையும் விட்டுவிடாதீர்கள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு பிள்ளைகள் தொடும் பெட்டிகள் அவை. பதிவு பெற்ற மின்பணியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.