மாலை வகுப்பு நடத்தும் மகளுக்கு அடுத்து என்ன படிப்பு?

"என் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். 2022ல் இருந்து எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர். இப்போது பக்கத்து ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மாலை மையத்தையும் பார்த்துக்கொள்கிறாள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு இரவு ஏழரை மணிவரை அங்கேதான். வங்கித் தேர்வுக்குப் படி என்றால் காதில் வாங்குவதில்லை. கையில் வருவது சில ஆயிரம். இதற்கென்று தனிப் படிப்பு ஏதாவது உண்டா, அல்லது பேசாமல் பி.எட். சேர்த்துவிடட்டுமா? வரன் வேறு பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்."

வணக்கம் அம்மா.

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவசரப்பட்டு பி.எட். கட்டணம் கட்டிவிடாதீர்கள். அது உங்கள் மகளுக்குச் சரியான படிப்பாகவும் இருக்கலாம், அவள் விரும்பும் வேலைக்குச் செல்லாத படிப்பாகவும் ஆகலாம். எது என்று தெரிந்துகொள்ள முதலில் அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

முதலில் வருமானம், நிரந்தரம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பை மீட்பதற்காக வந்த திட்டம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, சாயங்காலம் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம்வரை வகுப்பு, ஒரு தன்னார்வலரிடம் சுமார் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வகுத்தார்கள். ஊக்கத்தொகைக்கும் சம்பளத்துக்கும் வித்தியாசம் உண்டு அம்மா. இது தன்னார்வப் பணி. 'ஒருநாள் எல்லோரையும் நிரந்தரம் செய்துவிடுவார்கள்' என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2022ல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது இந்தத் தன்னார்வலர்களுக்கு முன்னுரிமை சொன்னார்கள். அதுவும் ஆசிரியர் கல்வித் தகுதி உள்ளவர்களுக்குத்தான். அனுபவம் மட்டும் கையில் இருந்தவர்கள் வெளியே நின்றார்கள். உங்கள் மகள் ஒரு தகுதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைப்பது அதனால் சரிதான். எந்தத் தகுதி என்பதில்தான் கவனம் வேண்டும்.

இப்போது அந்தக் கேள்வி: "மாலை மையத்தில் எந்த வேலை செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரிவதில்லை?" வெளியில் இருந்து பார்த்தால் மாலை மையம் ஒரே வேலையாகத் தெரியும். உள்ளே பல வேலைகள் இருக்கின்றன. கூட்டல் கணக்கு புரியாத பிள்ளைக்குப் பத்தாவது முறையும் வேறு வழியில் சொல்லிக்கொடுப்பது ஒன்று. இரண்டு நாளாக வராத பையனைத் தேடி அவன் வீட்டுக்குப் போய், அப்பா குடிக்கிறார், பையன் செங்கல் சூளைக்குப் போகிறான் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. மற்ற தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு எந்தக் குழு, எப்போது விளையாட்டு, எப்போது வாசிப்பு என்று ஒழுங்குபடுத்துவது மூன்றாவது. இதில் எது அவளை இழுக்கிறதோ அதற்கேற்ற படிப்பும் வேலையும் தனித்தனி.

சொல்லிக்கொடுப்பதுதான் என்றால் ஆசிரியர் வழி. இங்கே பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராக பி.எட். தகுதி ஆகாது. அந்த வகுப்புகளுக்கு இரண்டு ஆண்டு டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்வி டிப்ளமோ படிப்புதான். உங்கள் மகள் சின்னப் பிள்ளைகளோடுதான் இருக்க விரும்புகிறாள் என்றால், பி.எட்.டுக்குக் கட்டும் பணம் அந்தக் கதவைத் திறக்காது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில், நாம் டயட் என்று சொல்வோமே, அங்கே குறைந்த கட்டணத்தில் டி.எல்.எட். படிக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு பிளஸ் டூ முடித்த மாணவிகளோடு உட்கார்ந்து டிப்ளமோ படிப்பதா என்று அவளுக்கோ உங்களுக்கோ தோன்றலாம். தோன்றினாலும் பரவாயில்லை, சட்டம் கேட்பது அதைத்தான். ஆறாம் வகுப்புக்கு மேல் கணிதம் நடத்த ஆசை என்றால் பி.எட். சரி.

இந்த இரண்டில் எந்தப் படிப்பானாலும் அதன் பிறகு டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரைக்குத் தாள் 1, ஆறு முதல் எட்டு வரைக்குத் தாள் 2, ஒவ்வொன்றும் 150 மதிப்பெண். அதில் 30 மதிப்பெண் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும். அந்தப் பகுதியை மனப்பாடம் செய்து தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தினமும் இருபது பிள்ளைகளோடு உட்காரும் பெண்ணுக்கு அது எளிதில் பிடிபடும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: தமிழ்நாட்டில் டெட் தேர்ச்சி பெற்றதும் வேலை உத்தரவு வந்துவிடாது. அரசுப் பணிக்கு அப்புறம் நியமனப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

வீடு தேடிப் போகும் வேலைதான் அவளை இழுக்கிறது என்றால் சமூகப் பணிப் படிப்பு, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. எந்தப் பட்டம் படித்தவர்களும் சேரலாம், கணிதம் படித்தவர் உட்பட. இரண்டு ஆண்டுகள். வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் களப்பணிக்கு அனுப்பிவிடுவார்கள், அதுதான் இந்தப் படிப்பின் உயிர். சென்னையில் 1952ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இதில் பழமையான நிறுவனம். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் இளைஞர் நல அமைச்சகத்தின் கீழ் இயங்குவது, இளைஞர்களோடு வேலை செய்வதையே பாடமாக வைத்திருப்பது. நம் மாவட்டங்களில் இருந்து அங்கே விண்ணப்பிப்பவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான். வெளியூர் அனுப்ப முடியாது என்றால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் தொலைநிலையில் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. படித்து முடித்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர், பெரிய தொண்டு நிறுவனங்களில் களப் பணி என்று போகலாம். ஆனால் அந்த அலகுப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மூன்றாவது, மையத்தை நடத்துவதிலும் மற்றவர்களைத் தயார்படுத்துவதிலும் அவளுக்குக் கை ஓடுகிறது என்றால், கல்வித் தொண்டு நிறுவனங்களில் ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர் வேலைகள் இருக்கின்றன. டீச் ஃபார் இந்தியா, காந்தி ஃபெலோஷிப் போன்றவை பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகையோடு எடுத்துப் பயிற்சி கொடுக்கின்றன. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கல்வியில் முதுகலை இருக்கிறது, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். மூன்று வழிகளில் இதற்குத்தான் ஆங்கிலம் அதிகம் தேவைப்படும். இப்போதிருந்தே பழக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், சேரும்வரை இருக்கும் மாதங்களை அவள் வீணாக்கக் கூடாது. மாலை மையங்களில் வேலை செய்யும் பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் சில நாள் பயிற்சி, அப்புறம் எப்போதாவது ஒரு கூட்டம், அவ்வளவுதான். அதனால் மூன்று வருடம் வேலை பார்த்தும் முதல் வருடம் செய்ததையே திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை, யாரும் வழி காட்டவில்லை. உங்கள் மகள் தானாகக் கற்றுக்கொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன, செலவும் இல்லை.

ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து பார்க்கக் கற்றுக்கொள்வதை நான் முதலில் வைப்பேன். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் ஆய்வுக்கு 2005ல் இருந்து பயன்படுத்தும் வாசிப்புச் சோதனைத் தாள் தமிழிலும் கிடைக்கிறது. எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. பிள்ளை எதுவரை தடங்கல் இல்லாமல் வாசிக்கிறது என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். கணக்குக்கும் அதேபோல எண் அறிதல், கழித்தல், வகுத்தல் என்று உண்டு. இதை வைத்துப் பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல் நிலைவாரியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் முன்னேற்றம் நன்றாக இருக்கிறது என்பதைப் பல மாநிலங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள்தான். நம் அரசுப் பள்ளிகளில் 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இதே யோசனைதான். ஐந்தாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அவனுக்கு வெட்கமாக இருக்குமே என்று அவள் தயங்கலாம். அந்த வெட்கம் வராமல் குழு பிரிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் திறமை. அது செய்து செய்துதான் வரும்.

அடுத்தது, ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்ப்பது. பக்கத்து ஊர் மையத்துப் பெண்ணோடு பேசிவைத்துக்கொண்டு, அவள் வகுப்பில் இவள் ஒரு மாலை, இவள் வகுப்பில் அவள் ஒரு மாலை. பார்ப்பவர் குறை சொல்ல வேண்டாம், பார்த்ததை எழுதினால் போதும்: எந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை, யாரிடம் மட்டும் கேள்வி போனது, எத்தனை நிமிடம் பிள்ளைகள் சும்மா காத்திருந்தார்கள். எவ்வளவு பெரிய பயிற்சி முகாமிலும் கிடைக்காதது இதில் கிடைக்கும். அமெரிக்காவில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய திட்டங்களைப் பற்றி ஜோசஃப் டர்லாக், ரோஜர் வைஸ்பெர்க் முதலானோர் 2010ல் வெளியிட்ட தொகுப்பாய்வில் ஒன்று தெளிவாக வந்தது. படிப்படியாகக் கற்பிப்பது, பிள்ளைகளையே செய்ய வைப்பது, அதற்கென நேரம் ஒதுக்குவது, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பதில் தெளிவாக இருப்பது ஆகிய நான்கும் இருந்த திட்டங்களில்தான் பிள்ளைகளின் தன்னம்பிக்கை, நடத்தை, மதிப்பெண் எல்லாம் மேம்பட்டன. வீட்டுப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுக் கைப்பேசி பார்க்கும் மையத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பிறகு குழந்தைப் பாதுகாப்பு. இதை யாரும் விருப்பப் பாடமாக நினைக்கக் கூடாது. 2012 போக்சோ சட்டத்தின் 19வது பிரிவின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், அல்லது நடக்கக்கூடும் என்று அச்சம் இருந்தால், காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. மறைத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். 'ஊருக்குள் பெயர் கெட்டுவிடும், பெரியவர்களிடம் பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் அவள் கேட்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 மையத்தின் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் எப்படிக் கேட்பது, என்ன கேட்கக் கூடாது, யாரிடம் சொல்வது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பயிற்சி கேட்கலாம். அவளை வேலைக்கு வைத்திருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் கடமை இருக்கிறது. 2020 போக்சோ விதிகளின்படி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் பணியாளர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் கோபப்படும் நிறுவனத்தில் அவள் நீடிக்க வேண்டாம்.

இணையத்தில் படிக்க திக்ஷா, ஸ்வயம் ஆகிய அரசுத் தளங்களில் ஆசிரியர்களுக்கான பாடங்கள் இலவசமாக உள்ளன. 'மூன்றே மாதத்தில் ஆசிரியர் டிப்ளமோ, அரசு வேலை உறுதி' என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களுக்குப் போய்ப் பணம் கட்டிவிடாதீர்கள். டி.எல்.எட்., பி.எட். என்றால் அந்தக் கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரிக்காரர் காட்டும் நகல் போதாது.

கல்யாணம் பற்றி நான் அதிகம் பேச முடியாது, அது உங்கள் வீட்டு முடிவு. வரன் பார்க்கும்போதே, இரண்டு ஆண்டுப் படிப்பு பாதியில் நிற்காது என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டு நின்றுபோன படிப்புகள் ஏராளம்.

வங்கித் தேர்வை முழுதாக விடச் சொல்ல மாட்டேன். கணிதம் படித்தவள், விரும்பினால் எழுதட்டும். ஆனால் விருப்பமில்லாமல் எழுதி அதில் தேறுவது அரிது.

அடுத்த சேர்க்கைக்கு இன்னும் நேரம் இருந்தால், இந்த மாதமே ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையைத் தேதியோடு எழுதி வைக்கட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து அதன் பக்கத்திலேயே எழுதட்டும். பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு அதன் நகலையும், அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் தொண்டு நிறுவனத்திடமும் வாங்கிய அனுபவச் சான்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. நேர்காணலிலும் ஃபெலோஷிப் நேர்காணலிலும் அந்தக் கோப்பைத்தான் முதலில் மேசை மேல் வைக்க வேண்டும்.