வட சென்னையில் 1913-க்கோ இணையத்திலோ புகார் கொடுத்தால் உண்மையில் ஆள் வருவார்களா?

தண்டையார்பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்திருப்பதாகவும், தெருவில் கறுப்புத் தண்ணீர் நிற்பதாகவும், விளக்கு எரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாநகராட்சியின் 1913 புகார் தொலைபேசி எண், இணையதளம், செயலி இவற்றால் பயன் உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. ஆனால் அந்த வேலை யாருடையது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் பல புகார்கள் வேறு துறைக்குப் போய் அங்கேயே கிடந்துவிடுகின்றன.

அந்தக் கறுப்புத் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கழிவுநீர்க் குழாய் அடைத்து மேன்ஹோல் வழியாகப் பொங்கினால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; எண் 1916. மழைநீர் வடிகாலில் மண்ணும் குப்பையும் அடைத்துத் தண்ணீர் திரும்பி வந்தால் மாநகராட்சி; எண் 1913. பக்கிங்காம் கால்வாயே நிரம்பித் தெருவுக்குள் ஏறினால் நீர்வளத் துறை. மூக்கை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, மூன்றும் ஒரே மாதிரிதான் நாறும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தெருவின் நடுப்பக்கம் இருக்கும் வட்ட மூடி பெரும்பாலும் கழிவுநீருடையது. ஓரமாக, நடைபாதையை ஒட்டி ஓடுவது வடிகால். மழையே பெய்யாத நாளில் வடிகால் நிரம்பி வழிந்தால், யாரோ வீட்டுக் கழிவுநீரை அதில் திருட்டுத்தனமாக இணைத்திருக்கலாம். அப்போது இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டும். இரண்டு இடத்திலும் புகார் பதிந்து, ஒன்றின் எண்ணை மற்றொன்றில் குறிப்பிடுங்கள்.

அடைப்பை நீக்க வரும்போது 'ஆளை இறக்குங்கள், சீக்கிரம் முடியும்' என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். பாதாளச் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எந்திரம் வரட்டும், அரை நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புகாரின் வாசகம் ரொம்ப முக்கியம். 'தண்ணீர் சரியில்லை' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'வாரியக் குழாயோடு இணைத்த அடிபம்பில் காலையில் முதலில் வரும் தண்ணீர் கழிவுநீர் கலந்து வருகிறது, பக்கத்து வீடுகளிலும் அப்படியே' என்று எழுதினால் குழாயில் எந்தப் பகுதியைத் தோண்டிப் பார்க்கலாம் என்று யோசிக்க இடமிருக்கும். புதிய கதவு எண், பழைய கதவு எண் இரண்டையும் போடுங்கள். குறுக்குத் தெருவின் பெயரும் அஞ்சல் எண்ணும் வேண்டும். ஒரே பெயரில் ஊருக்குள் எத்தனை தெருக்கள் இருக்கின்றன என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. தெரு விளக்கு மாநகராட்சியின் பொறுப்பு, மின்வாரியத்தினுடையது அல்ல. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் தேட வேண்டியிருக்காது. வீட்டில் மின்சாரம் போனால் மட்டும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் தெருவிலிருந்து போன ஒரு புகாருக்கு, ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன அன்றே 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அடைப்பு அப்படியே இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. அன்றைய தேதியில் எடுத்த படத்துடன் புதிய புகார் கொடுத்து, முடித்துவைத்த பழைய எண்ணையும் அதிலேயே எழுதினோம். அதற்குப் பிறகுதான் வண்டி வந்தது. அதற்கும் அசையவில்லை என்றால் 1100, 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர்ப்பு எண்.

கை வைத்துச் செய்யும் வேலைகள் இப்படி இழுத்தாலும், காகித வேலைகள் இணையத்தில் நன்றாகவே நடக்கின்றன. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை மாநகராட்சித் தளத்திலிருந்து கட்டணமின்றித் தரவிறக்கலாம். ஆனால் பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்த குழந்தை சென்னைப் பதிவேட்டில் இருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான பொன்னேரிக்குப் போய் அங்கே பிறந்திருந்தால், சென்னைத் தளத்தில் இரவெல்லாம் தேடினாலும் கிடைக்காது. பெயர் சேர்க்காமல் வாங்கிய சான்றிதழ் என்றால் ஒரு வருடத்துக்குள் சேர்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு மாநகராட்சியிடம் போக வேண்டாம். அவை வட்டாட்சியர் தருபவை. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

சொந்த வீடு வாங்கினால் சொத்து வரியை அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள், 5 சதவீதம் குறையும். குடிநீர், கழிவுநீர் வரி வாரியத்துக்குத் தனியாகப் போக வேண்டும். 'வீட்டு வரி கட்டிவிட்டேனே' என்று அதை மறந்து நிலுவை ஏற்றிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி போன்றவை 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தவை. அந்தப் பக்கம் வீடு பார்த்தால், பழைய நகராட்சி ரசீதில் உள்ள சொத்து வரி எண் இன்றைய எண்ணோடு பொருந்துகிறதா என்று பத்திரத்துக்கு முன்பே சரிபாருங்கள்.

எதையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துச் செய்வதானால் உங்கள் கைப்பேசி எண்ணைப் போடச் சொல்லுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார், புகார் எண்ணும் முடித்துவைத்த செய்தியும் அவருக்கே போகும். உங்கள் வார்டு எண்ணையும் மண்டல எண்ணையும் இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டை 4-வது மண்டலம். வார்டு எண்ணைத் தெருவில் நீண்ட நாள் இருப்பவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.