ஆள் வந்தால் பொருள் இல்லை, பொருள் வந்தால் ஆள் இல்லை

கேள்வி: குறுகிய தெரு ஒன்றில் மூன்று மாடிக் குடியிருப்பு கட்டித்தரும் பணியை ஏற்றுள்ளேன். சென்ட்ரிங் (கான்கிரீட் போட முட்டுக் கொடுத்துத் தகடு அடிக்கும் வேலை), மின்வேலை, குழாய்வேலை மூன்றையும் உள்ஒப்பந்தத்திற்கு விட்டேன். அட்வான்ஸ் வாங்கிய மின்வேலைக்காரர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். மொத்தமாக இறக்கிய சிமெண்ட் கட்டி தட்டுகிறது. எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அட்வான்ஸை விடத் தேதிகளே தங்களுக்கு முதல் சிக்கல் என்று தோன்றுகிறது. தளத்திற்குக் கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்கு முன்னுள்ள ஓரிரு நாளில்தான் மின்வேலைக்காரர் ஒயர் செல்லும் பைப்பைப் பதிக்க முடியும். அவர் வராவிட்டால் கான்கிரீட்டைத் தள்ளிப்போட வேண்டும், இல்லையேல் பின்னால் கூரையைக் கொத்த வேண்டும். ஆகவே கான்கிரீட் போடும் நாளை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, யார் எந்தத் தேதியில் வர வேண்டும், எந்தப் பொருள் எப்போது இறங்க வேண்டும் என்பதை எழுதி அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கம்பியையும் சிமெண்டையும் தாங்களே வாங்குவது நல்லது. 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்திற்குச் சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். லோடு இறங்கும்போதே சிலவற்றை நிறுத்துப் பார்த்துவிட்டுச் செலானில் கையெழுத்திடுங்கள். கடற்காற்று வீசும் பகுதி என்பதால் கம்பியை மாதக்கணக்கில் வெட்டவெளியில் போட்டு வைக்காதீர்கள். சிமெண்டைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல், பத்து மூட்டை உயரத்திற்கு மிகாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தந்தத் தளத்திற்கு வேண்டியதை மட்டும் தருவியுங்கள். கட்டி தட்டிய மூட்டைகளைத் தளத்திற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

சென்ட்ரிங்காரருக்குத் தகடும் முட்டும் அடுத்த சைட்டுக்கு வேண்டும், அதனால் சீக்கிரம் பிரிக்கவே பார்ப்பார். சாதாரண சிமெண்டில் போட்ட தளத்திற்கு, அதைத் தாங்கும் சுவர்கள் அல்லது பீம்களுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாளும், அதற்கு மேல் என்றால் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த போஸோலானா) சிமெண்டுக்கு இன்னும் கூடுதல் நாள் தேவைப்படலாம். பிரிக்கும் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பணத்தை, வேலையை அளந்து குறித்துவரும் அளவுப் புத்தகத்தின்படி, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். குழாய்வேலையில் சுவரைப் பூசும் முன் தண்ணீர் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்த பிறகே பில்லை ஏற்பதும், பில் தொகையில் ஒரு பகுதியைக் கடைசி வரை பிடித்து வைப்பதும் வழக்கம்தான். உள்ஒப்பந்தக்காரர் கூலி தராமல் போனால் பொறுப்பு தங்கள் தலையில் விழக்கூடும் என்பதால், அடுத்த பில்லுக்கு முன் கூலிப் பட்டியலைக் கேளுங்கள்.

போய்விட்ட மின்வேலைக்காரருக்குத் தேதி குறித்து எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டால், புதியவர் கைவைப்பதற்கு முன்பே சாட்சிகளுடன் பழையவர் செய்த வேலையை அளந்து படமெடுத்து வைத்துவிடுங்கள்.