என்.கே. செல்லைக் கூட்டினால் நல்லதா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை என்.கே. செல் (நேச்சுரல் கில்லர், வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் வெள்ளணு) பற்றிக் கடிதங்கள் நிறைய. பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் அதற்கு மட்டும் நடுவில் நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். டி செல் (குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு அடிக்கும் வெள்ளணு), ஆன்டிபாடி (கிருமியின் மேல் ஒட்டும் புரதம்), சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம்) எல்லாம் தெரிந்தவர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

என்.கே. செல் வைரஸை நேராகக் கொல்லுமா?

கொல்லாது. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும். வெளியே மிதக்கும் வைரஸ் துகளை ஆன்டிபாடி பார்த்துக்கொள்ளும்.

டி செல் மாதிரி ஒரு வாரம் காத்திருக்காமல் உடனே பாய்கிறதே, அப்படியானால் நம் சொந்த செல்லை ஏன் அடிப்பதில்லை?

ஏனென்றால் பிரேக் எப்போதும் போட்டபடி இருக்கிறது. நம் செல்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றின் மேலும் எம்.எச்.சி. முதல் வகைப் புரதம் (செல்லுக்குள் இருப்பதன் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டுவது) இருக்கும், என்.கே. செல்லின் தடுப்பு ஏற்பி (செல்லின் மேலிருந்து செய்தி பிடிக்கும் புரதம்) அதைத் தொட்டதும் 'வேண்டாம்' என்ற செய்தி உள்ளே போகும். டி செல்லிடமிருந்து தப்பிக்க வைரஸ் அந்த எம்.எச்.சி.யை ஒளித்து வைத்தால் இந்தச் செய்தி நின்றுபோகிறது. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிளாஸ் கார்ரே குழு 1986-இல் இதை எலியில் காட்டியது: எம்.எச்.சி. உள்ள புற்றுச்செல் எலிக்குள் வளர்ந்தது, அதே செல்லின் எம்.எச்.சி. இழந்த வகையை என்.கே. செல்கள் வளரவிடவில்லை.

ஆனால் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிவப்பணுவின் மேல் எம்.எச்.சி. கிட்டத்தட்ட இல்லை, அதை யாரும் அடிப்பதில்லையே? பிரேக் எடுத்தால் மட்டும் போதாது, தூண்டும் செய்தியும் வேண்டும். நெருக்கடியில் இருக்கும் செல் மைக்-ஏ, மைக்-பி மாதிரிப் புரதங்களை வெளியே தள்ளும், என்.கே.ஜி.2.டி ஏற்பி அதைப் பிடிக்கும். இரண்டு பக்கக் கணக்கையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு.

எம்.எஸ்சி. தேர்வு அடுத்த வாரம். எல்லா ஏற்பிகளையும் பட்டியல் போட்டு அனுப்பவும்.

மாட்டேன். பாடப்புத்தகம் வாங்கியிருப்பீர்கள், அதில் இருக்கிறது. அடிக்கடி குழப்புவதை மட்டும் சொல்கிறேன்: மனிதனில் எச்.எல்.ஏ-வை (மனிதனின் எம்.எச்.சி.க்கு அதுதான் பெயர்) பார்ப்பது கே.ஐ.ஆர். ஏற்பிக் குடும்பம், எலியில் அதே வேலையைச் செய்வது லை49 குடும்பம். அமைப்பில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. என்.கே.ஜி.2.ஏ என்ற தடுப்பு ஏற்பி மட்டும் இரண்டிலும் உண்டு, மனிதனில் அது பார்ப்பது எச்.எல்.ஏ-ஈ. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் கேள்வி 'எலியா, மனிதனா?' என்பதாக இருக்கட்டும்.

எம்.எச்.சி.யை மறைத்தால் என்.கே. அடிக்கும் என்றால் வைரஸ் என்னதான் செய்யும்?

ஹெர்ப்பீஸ் குடும்பத்துச் சைட்டோமெகலோ வைரஸைப் பாருங்கள், இதில் அதுதான் கைதேர்ந்தது. எம்.எச்.சி.யை உள்ளேயே அழித்துவிட்டு, யு.எல்.18 என்று அதே ஜாடையில் ஒரு போலிப் புரதத்தை வெளியே நிறுத்துகிறது. அது தடுப்பு ஏற்பியோடு அசலைவிட ஆயிரம் மடங்கு இறுக்கமாக ஒட்டும். அதன் இன்னொரு புரதம் யு.எல்.40 ஒரு சின்னத் துண்டைக் கொடுத்து எச்.எல்.ஏ-ஈ வெளியே வர வைக்கிறது, அதனால் என்.கே.ஜி.2.ஏ-யின் பிரேக் விலகாமல் இருக்கிறது. நெருக்கடிப் புரதங்களை யு.எல்.16 உள்ளேயே பிடித்து வைக்கிறது. நம் பக்கமும் சும்மா இல்லை. எலிச் சைட்டோமெகலோ வைரஸின் எம்157 என்ற போலியை லை49எச் என்ற தூண்டும் ஏற்பி நேராகப் பிடித்துவிடுகிறது. அந்த ஏற்பி உள்ள சி57 கருப்பு எலி தாக்குப்பிடிக்கிறது, இல்லாத பால்ப்-சி எலி திணறுகிறது. இது எலிக் கதை, மறக்க வேண்டாம்.

வைரல் காய்ச்சல் வந்து போன பிறகு 'இம்யூனிட்டி பேக்கேஜ்' டெஸ்ட் எடுத்தேன். என்.கே. செல் குறைவு என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். கூட்ட ஒரு பொடியும் கொடுத்தார்கள். தொடரலாமா?

இதே கேள்வியைத்தான் பலர் கேட்டிருக்கிறீர்கள். ரிப்போர்ட் படத்தையும் பொடி விளம்பரத்தையும் அனுப்பியவர், காய்ச்சல் விட்டு எத்தனை நாள் கழித்து இரத்தம் கொடுத்தார், ஸ்டீராய்டு சாப்பிட்டாரா என்பதை மட்டும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

முதலில் அந்த எண். இரத்த லிம்போசைட்டுகளில் (வெள்ளணுவில் ஒரு வகை) என்.கே. சுமார் 5 முதல் 15 சதவீதம். ஒரு மைக்ரோலிட்டரில் 100 முதல் 500 வரை எது வந்தாலும் நான் பதறமாட்டேன், லேபுக்கு லேப் மாறும். மாடியில் இருக்கும் லேபுக்கு நீங்கள் மூச்சிரைக்கப் படியேறிப் போய் உடனே கை நீட்டினால் எண் எகிறும், ஏனென்றால் அட்ரினலின் ஏறியதும் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த என்.கே. செல்கள் கழன்று ஓட்டத்தில் சேர்ந்துவிடும். கடுமையாக ஓடி முடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். வைரஸ் காய்ச்சலின்போது செல்கள் திசுக்களுக்குள் போய்விடுவதால் இரத்தத்தில் குறைவாகத் தெரியலாம். எண்ணிக்கை வேறு, வேலை வேறு. உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, அந்த செல் ஒரு இலக்கைக் கொல்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது கூட்டுவது. என்.கே. அதிகமானால் வைரஸ் சீக்கிரம் போகும் என்று யார் சொன்னது? 2012-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ரேமண்ட் வெல்ஷ், ஸ்டீபன் வாகனர் குழு எல்.சி.எம்.வி. என்ற எலி வைரஸை எலிகளுக்கு வேறு வேறு அளவில் ஏற்றிப் பார்த்தது. நடுத்தர அளவு ஏற்றியபோது என்.கே. செல்கள் வைரஸ் புகுந்த செல்லை விட்டுவிட்டு, உதவிக்கு வந்த சி.டி.4 டி செல்களை அடித்தன. வைரஸ் போகவில்லை, எலிகள் செத்தன. அதே அளவு வைரஸ் ஏற்றினாலும், ஆன்டிபாடி கொடுத்து என்.கே.யை முன்பே நீக்கிய எலிகள் வைரஸை விரட்டிப் பிழைத்தன. இப்போது வைரஸ் அளவை நிறையக் கூட்டினால் கதை தலைகீழ்: என்.கே. இருந்த எலியில் வைரஸ் தங்கிவிட்டது, ஆனால் எலி உயிரோடு இருந்தது, என்.கே. இல்லாத எலியில் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பாய்ந்து சொந்த உறுப்புகளையே நாசமாக்கிக் கொன்றன. ஒரே செல், ஒரே வைரஸ், ஏற்றிய அளவு மட்டும் வேறு. இதில் எந்த எலிக்கு உங்கள் பொடியைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

எலிதானே என்பீர்கள், நான் சொல்லிக்கொடுத்ததுதான். சரி, மனிதனுக்கு வருவோம். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளில் என்.கே. செல்கள் டிரெயில் என்ற, செல்லைச் சாகச் சொல்லும் புரதத்தின் வழியில் அந்த வைரஸுக்கு எதிரான டி செல்களையே கொல்கின்றன என்று லண்டன் குழு ஒன்று 2013-இல் காட்டியது. என்.கே.யை அதிகமாகத் தூண்டினால் இப்படியும் ஆகலாம்.

உடம்பு இதற்குத்தான் இத்தனை கடிவாளம் வைத்திருக்கிறது. முதல் ஒன்றிரண்டு நாளில் டென்டிரிட்டிக் செல்லிடமிருந்து (கிருமியைப் பிடித்து டி செல்லுக்குக் காட்டும் செல்) இன்டர்லியூக்கின்-12 என்ற சைட்டோகைன் வந்து என்.கே.யைக் காமா இன்டர்ஃபெரான் சுரக்க வைக்கும், இன்டர்லியூக்கின்-15 அதை உயிரோடு வைத்திருக்கும், முதல் வகை இன்டர்ஃபெரான் கொல்லும் திறனை ஏற்றும். அதே முதல் வகை இன்டர்ஃபெரான்தான் டி செல்கள் மேல் என்.கே.யின் கை படாமலும் காக்கிறது. டி.ஜி.எஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைன் என்.கே.யை அடக்கும். தொற்று இழுத்துக்கொண்டே போனால் என்.கே. செல்லே இன்டர்லியூக்கின்-10 சுரந்து டி செல்களைத் தணிப்பதும் எலியில் பார்த்ததுதான். இத்தனையும் நேரம் பார்த்து ஏறி இறங்கும் சமாச்சாரம்; காலை ஒரு ஸ்பூன், இரவு ஒரு ஸ்பூன் என்று நடப்பதில்லை. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் தட்டில் வளர்த்த செல்லின் படம் ஒன்று இருக்கிறது, அந்தப் பொடி சாப்பிட்ட மனிதர்களுக்கு வைரஸ் நோய் குறைந்ததா என்பதற்கு ஒரு வரி இல்லை. நிறுத்திவிடுங்கள். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ஹெர்ப்பீஸ், மரு மாதிரி வைரஸ் நோய்கள் விடாமல் படுத்தினால் டாக்டரிடம் போங்கள். பேக்கேஜ் டெஸ்டுக்குப் போகாதீர்கள்.

தம்பிக்கு டெங்கு. காய்ச்சல் இறங்கவில்லை, ஃபெரிட்டின் 10,000 தாண்டிவிட்டது. என்.கே. வேலை டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். இதுவும் வீண் செலவா?

இல்லை அம்மா, இது வேறு. எச்.எல்.எச். என்று சந்தேகப்படுகிறார்கள், அதற்கான 2004-ஆம் ஆண்டின் எட்டு அளவுகோல்களில் என்.கே. வேலைத்திறன் குறைவதும் ஒன்று. கொல்ல வேண்டியதைக் கொன்று முடிக்காததால் டி செல்லும் மேக்ரோஃபேஜும் (கிருமியை விழுங்கும் செல்) சைட்டோகைன் கொட்டிக்கொண்டே இருக்கும் நிலை அது. டெஸ்ட் முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது, ஹெமட்டாலஜி (இரத்த நோய்) டாக்டர் உடனே பார்க்க வேண்டும். எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், இன்றே கேளுங்கள்.

இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இரத்தத்தில் என்.கே. அதிகம், அதுதான் குழந்தையைக் கொல்கிறது என்று கொழுப்பு ட்ரிப்ஸ் போடச் சொல்கிறார்கள்.

கர்ப்பப்பை என்.கே. வேறு, இரத்த என்.கே. வேறு. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கர்ப்பப்பை உட்சுவரின் வெள்ளணுக்களில் 70 சதவீதம் வரை என்.கே.தான், நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தக்குழாய்களை அகலப்படுத்துவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு, கருவைத் தின்பதில்லை. இரத்த என்.கே. டெஸ்டும் அந்த ட்ரிப்ஸும் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023-இல் எழுதியே வைத்துவிட்டது. வேறு டாக்டரிடம் ஒரு அபிப்பிராயம் கேளுங்கள்.

என்.கே. இல்லாமல் வாழ முடியுமா?

கஷ்டம். 1989-இல் கிறிஸ்டின் பைரன் குழு பதிவு செய்த, என்.கே. இல்லாத ஒரு சிறுமிக்குச் சின்னம்மை, சைட்டோமெகலோ, ஹெர்ப்பீஸ் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடுமையாக வந்தன.

என்.கே.க்கு நினைவாற்றல் உண்டு என்கிறார்களே, அப்படியென்றால் தடுப்பூசி?

உண்டு. 2009-இல் லூயிஸ் லானியர் குழு எலியில் லை49எச் உள்ள என்.கே. செல்களுக்கு நினைவு இருப்பதைக் காட்டியது. மனிதனில் சைட்டோமெகலோ தொற்றியவர்களில் பலருக்கு என்.கே.ஜி.2.சி ஏற்பி உள்ள என்.கே. கூட்டம் பெருகி வருடக்கணக்கில் நிற்கிறது. தடுப்பூசிக்கு இப்போதைக்கு என்.கே. உதவுவது பெரும்பாலும் அதன் மேலிருக்கும் சி.டி.16 ஏற்பி வழியாக: ஆன்டிபாடி ஒட்டிய செல்லை அது பிடித்துக் கொல்லும். நினைவுள்ள என்.கே.யை மட்டும் நம்பி ஊசி எதுவும் கடைக்கு வரவில்லை.

கே562 செல்லை (எம்.எச்.சி. இல்லாத இரத்தப்புற்றுச் செல்) இலக்காக வைத்து என்.கே. எவ்வளவு கொல்கிறது என்று சோதனை செய்கிறோம். என்.கே. சேர்க்காத குழியிலேயே 35 சதவீதம் செத்திருக்கிறது. கழித்துவிட்டுக் கணக்குப் போடலாமா?

போடாதீர்கள், அந்தத் தட்டைத் தூக்கி எறியுங்கள். 10 சதவீதம் என்றால் சரி, 20 வரை பொறுப்பேன். வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பைக் கெடுக்கும் பாக்டீரியா) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், உறைய வைத்த இரத்த செல்லை உருக்கிய கையோடு போட்டால் கொல்லும் திறன் குறைவாகத்தான் வரும். ஓர் இரவு ஓய்வு கொடுங்கள். இன்டர்லியூக்கின்-2 சேர்ப்பதானால் எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு சேருங்கள், நோயாளி மாதிரிக்கு மட்டும் சேர்த்துவிட்டு வித்தியாசம் வந்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.