மெக்சிகோ பண்டிகைச் சாப்பாடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நவம்பர் மாசம் மெக்சிகோவுல செத்தவங்களுக்குப் படையல் போட்டு ஊர்வலம் போறத வீடியோல பாத்தேன், மண்டை ஓடு மாதிரி சர்க்கரை மிட்டாய் எல்லாம் செய்றாங்க. துக்க நாள இப்படியா கொண்டாடுவாங்க?

பதில்: போனவங்க வருஷத்துக்கு ஒரு தடவ வீட்டுக்குத் திரும்பி வர்றாங்கன்றதுதான் அவங்க நம்பிக்கை, வீட்டுக்கு வர்றவங்கள அழுதுட்டேவா வரவேற்பாங்க சொல்லுங்க. நவம்பர் 1 இறந்துபோன குழந்தைகளுக்கு, 2 பெரியவங்களுக்கு. மேசைல போட்டோ வெச்சு, அவ்ளோ தூரம் வந்தவங்களுக்கு தாகமா இருக்குமேனு ஒரு டம்ளர் தண்ணி, பக்கத்துல உப்பு, மெழுகுவத்தி, கோபால்ங்கிற மரப்பிசின்ல புகை, வாசல்லருந்து படையல் வரைக்கும் செண்டுமல்லி இதழ தூவி வழி வேற போட்டிருப்பாங்க, அந்த வாசனைய புடிச்சுட்டு வந்துருவாங்கனு (செண்டுமல்லிக்கு பூர்வீகமே மெக்சிகோ பக்கம்தான்). அப்புறம் உயிரோட இருந்தப்ப அவங்களுக்கு என்ன புடிக்குமோ அது, மோலே குழம்போ தமாலெஸ்ங்கற சோளக் கொழுக்கட்டையோ, சிலருக்கு ஒரு கிளாஸ் டெக்கீலா கூட. பான் தே முவெர்தோனு ஒரு உருண்டை ரொட்டி கண்டிப்பா இருக்கும், மேல எலும்பு வடிவத்துல மாவு வெச்சு சுட்டு சர்க்கரை தூவினது. மிச்சோவகான் மாநிலத்துல பாட்ஸ்குவாரோ ஏரிக்குள்ள ஹானிட்சியோனு ஒரு தீவு இருக்கு, அங்க விடிய விடிய கல்லறைப் பக்கத்துலயே விளக்கேத்தி உக்காந்திருப்பாங்க. நீங்க பாத்தது மெக்சிகோ சிட்டி ஊர்வலம்னா அது 2016லதான் ஆரம்பிச்சது, ஒரு ஹாலிவுட் படத்துல அப்படி ஒரு சீன் வந்த பிறகு. அத மட்டும் பாத்துட்டு இந்தப் பண்டிகைய முடிவு பண்ணிடாதீங்க ப்ளீஸ், இதோட உயிர் வீட்டுப் படையல்லதான் இருக்கு.

கேள்வி: ஜனவரில கேக்குக்குள்ள பொம்மை ஒளிச்சு வெப்பாங்களாமே, எதுக்கு?

பதில்: ஜனவரி 6, குழந்தை ஏசுவ பாக்க வந்த மூணு ராஜாக்களோட திருநாள். அன்னிக்கு ரோஸ்கானு வளையம் மாதிரி ஒரு இனிப்பு ரொட்டி வெட்டுவாங்க, உள்ள குட்டியா குழந்தை ஏசு பொம்மை இருக்கும். யார் துண்டுல பொம்மை வருதோ அவங்க பிப்ரவரி 2 காண்டெலாரியா திருநாள் அன்னிக்கு எல்லாருக்கும் தமாலெஸ் தரணும். ஒரு விருந்துலயே அடுத்த விருந்துக்கு ஆள் புடிச்சுடுறாங்க, எனக்கு ரொம்ப புடிச்ச வழக்கம் இது.

தமாலெஸ்னா நம்ம கொழுக்கட்டை மாதிரி ஆவில வேகவெக்கிறது, மக்காச்சோள மாவுல கொழுப்பு சேத்து நல்லா அடிச்சு, நடுவுல கறியோ மிளகாய் சாஸோ வெச்சு, சோளக்கதிர் மேல இருக்கற தோல காயவெச்சு அதுல சுத்துவாங்க, ஓஹாக்கா மாதிரி தெக்குப் பக்கம் வாழை இலை. நூறு கணக்குல செய்யணும்ங்கறதால வீடே கூடி உக்காந்துதான் செய்வாங்க. ஆனா அந்த மாவுலதான் விஷயமே இருக்கு. காஞ்ச சோளத்த சுண்ணாம்புத் தண்ணில வேகவெச்சு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் போக கழுவி அரைக்கிறாங்க, இதுக்கு நிக்ஸ்டமால்னு பேரு. இப்படி செஞ்சாதான் சோளத்துல இருக்கற நியாசின் சத்து நம்ம உடம்புல சேரும். ஐரோப்பாக்காரங்க சோளத்த மட்டும் எடுத்துட்டுப் போனாங்க, இந்த முறைய எடுத்துட்டுப் போகல, இத்தாலி, ஸ்பெயின்ல சோளமே கதின்னு இருந்த ஏழைங்களுக்கு, அந்த நியாசின் கொறஞ்சா வர்ற பெலாக்ரா நோய் வந்து கொத்துக் கொத்தா பாதிக்கப்பட்டாங்க. ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே இத கண்டுபுடிச்ச அந்த மண்ணோட மக்கள நெனச்சா எனக்கு கையெடுத்து கும்பிடத் தோணுது. 2010ல யுனெஸ்கோ மெக்சிகோ சமையல பாரம்பரியப் பட்டியல்ல சேத்தது ரொம்ப நியாயம்.

கேள்வி: சிங்கோ தே மாயோதான மெக்சிகோ சுதந்திர தினம்?

பதில்: இல்லங்க. மே 5, 1862ல புவெப்லாவுல பிரெஞ்சுப் படைய ஜெயிச்ச நாள், அத அமெரிக்காவுலதான் பெருசா கொண்டாடுறாங்க. சுதந்திர தினம் செப்டம்பர் 16, பாதிரியார் மிகேல் இதால்கோ 1810ல டோலோரெஸ் ஊர்ல மணியடிச்சு ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரா மக்கள கிளம்ப வெச்ச நாள். முந்தின நாள் ராத்திரி ஜனாதிபதி மாளிகை பால்கனில நின்னு மணியடிச்சு "வீவா மெஹிகோ"னு கத்துவார், கீழ சோக்கலோ மைதானமே திருப்பிக் கத்தும். அந்த சீசன் சாப்பாடு சீலேஸ் என் நோகாடா, போப்லானோங்கற பெரிய பச்ச மிளகாய்க்குள்ள கறியும் பழமும் அடைச்சு, மேல வால்நட் சாஸ் வெள்ளையா ஊத்தி, மாதுளை முத்து சிவப்பா தூவி, அப்படியே கொடி கலர். புது வால்நட்டும் மாதுளையும் அப்பதான் கெடைக்கும், அதனால வேற மாசத்துல தேடாதீங்க.

கேள்வி: டிசம்பர்ல மெக்சிகோ போறேன், நான் சுத்த சைவம், சமாளிக்கலாமா?

பதில்: சமாளிக்கலாம், ஆனா கேட்டு கேட்டு சாப்பிடணும். டிசம்பர் 16லருந்து 24 வரைக்கும் ஒன்பது ராத்திரி போசாதாஸ், மரியாவும் ஜோசப்பும் தங்க எடம் தேடினத பாட்டாப் பாடிட்டு வீடு வீடாப் போவாங்க, உள்ள மிட்டாய் ரொப்பித் தொங்கவிட்ட பினியாத்தாவ கம்பால அடிச்சு ஒடைப்பாங்க, கொய்யா, கரும்பு, தெஹோகோத்தே பழம் எல்லாம் போட்டு கொதிக்க வெச்ச சூடான போஞ்சே தருவாங்க, பெரியவங்க கிளாஸ்ல சில சமயம் ரம் விழும், பாத்துக்கோங்க. ரோமெரிதோஸ்னு ஒரு கீரை கிறிஸ்துமஸுக்கு செய்வாங்க, கீரைதானனு எடுத்துடாதீங்க, காஞ்ச இறால் சேப்பாங்க. பீன்ஸ் மசியல்லயும் தமாலெஸ்லயும், இனிப்பு தமாலெஸ்ல கூட, பன்றிக் கொழுப்பு இருக்கும். மயோனைஸ் தடவாத சுட்ட சோளம், நோபாலெஸ்ங்கற கள்ளி வறுவல், சுடச்சுட சோள மாவுத் தோர்த்தியா ரொட்டி, அவகாடோ, இதெல்லாம் தைரியமா சாப்பிடலாம், இது போதலன்னா சந்தைல பழக்கடைப் பக்கம் போங்க, வெட்டின பழத்துல எலுமிச்ச புழிஞ்சு மிளகாப்பொடி தூவித் தருவாங்க.