சுங்கக்காரனின் கயிறும் காவல்காரரின் வாளும்

வணக்கம்.

நண்பர்கள் ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தை டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டராக) இருந்து நடத்துகிறேன். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். புத்தகத்தில் உள்ள மந்திரப் பொருட்கள் போதாமல் நானே செய்ய ஆரம்பித்தேன். ஒரு டிராகனின் குகையில் தீ வாள் ஒன்றை வைத்தேன். தாக்கும் பகடையோடு இரண்டைக் கூட்டும் +2, ஒரு பகடை கூடுதல் தீச்சேதம், ஒரு நாளைக்கு மூன்று முறை ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம். அதற்கு இரண்டு பக்க வரலாறும் எழுதினேன். சில வாரங்களில் அது கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத்தாளில், ஒரு எண்ணாகிவிட்டது. வாளின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. ஆனால் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த இம்மூவபிள் ராடை வைத்து அவர்கள் செய்யாத வேலையில்லை. மந்திரப் பொருளை எப்படி யோசிக்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக முதலில் சில வரிகள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, பேசியே கதையை நகர்த்துவார்கள். உலகமும் எதிரிகளும் டிஎம்மின் பொறுப்பு. முடிவு தெரியாத இடங்களில் இருபது பக்கப் பகடையை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் வெளிவந்தது.

சரி, அந்த ராட். தட்டையான ஒரு இரும்புத் தடி, முனையில் ஒரு பொத்தான். அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். 8,000 பவுண்ட் வரை தாங்கும், ஏறத்தாழ 3,600 கிலோ. இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று விதி சொல்வதில்லை. அதனால்தான் ஒருவர் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார், இன்னொருவர் பள்ளத்தின் மேலே நிறுத்திக் கயிறு கட்டுகிறார், மூன்றாமவர் விழுங்க வரும் பிராணியின் வாய்க்குள் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார்.

உங்கள் வாளைப் பாருங்கள். இருபது பக்கப் பகடையில் ஒவ்வொரு கூட்டலும் வெற்றி வாய்ப்பில் ஐந்து சதவீதம். +2 என்றால் பத்து வீச்சுக்கு ஒன்று கூடுதலாகப் படும். பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாள் வருவதற்கு முன்பும் அந்த வீரர் வெட்டினார், வந்த பிறகும் வெட்டுகிறார். அவர் புதிதாக யோசிக்க வேண்டிய எதையும் வாள் கொண்டுவரவில்லை. நாளைக்கு மூன்று ஃபயர்பாலும் அப்படித்தான், மந்திரவாதி ஏற்கெனவே செய்வதை இப்போது இன்னொருவரும் செய்கிறார். அதோடு, எண்ணிக்கையில் கொடுத்த சக்தியைப் பலர் கடைசிச் சண்டைக்கென்று பதுக்கிவைப்பார்கள்.

நான் ஒரு பொருளைச் செய்ய உட்காரும்போது சாகசக்காரர்களை முழுக்க மறந்துவிடுவேன். இந்தப் பொருளை யார், தன்னுடைய எந்தத் தொல்லையைத் தீர்த்துக்கொள்ளச் செய்வித்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். அந்த ஆளுக்கு ஒரே ஒரு வேலைதான் நடக்க வேண்டும், அதனால் பொருளும் அந்த ஒன்றை மட்டும் முழுமையாகச் செய்யும். எதைச் செய்யாது என்பதும் அங்கிருந்தே வந்துவிடும்.

ஒரு ஆற்றங்கரை ஊரில் பாலத்துக்குச் சுங்கம் வசூலிப்பவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். குதிரை வீரர்களும் பூத உருவங்களும் காசு கொடுக்காமல் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவன் ஒரு மந்திரவாதியிடம் அழுது புலம்பி முப்பது அடிக் கயிறு ஒன்று வாங்குகிறான். ஒரு முனையை எங்காவது கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து, “ஒரு செம்புக்காசு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் காசைத் தானாக அவன் கையில் கொடுக்காத எந்த உயிரும், எந்த நடைப்பிணமும், கயிற்றைத் தாண்டி நடக்க முடியாது. கொடுத்தவரை அவனால் தடுக்கவும் முடியாது. பறப்பவை மேலே போகலாம், அம்புகளும் போகலாம். கயிற்றை விட்டால் மந்திரம் தீர்ந்தது.

இதை டன்ஜனுக்குள், அதாவது சாகசம் நடக்கும் நிலவறைக்குள், கொண்டுபோங்கள். துரத்திவரும் எலும்புக்கூடுகளிடம் பையே கிடையாது, கயிற்றருகே வரிசையாக நின்றுவிடும். ஓகர் என்ற அரக்கப் பிராணி இடுப்புச் சுருக்குப்பையைத் துழாவும், அந்தச் சில நொடிகளில் எல்லோரும் தப்பிக்கலாம். கெட்டிக்காரக் கொள்ளைக்காரன் உங்கள் ஆட்களில் ஒருவரையே மிரட்டிக் காசு வாங்குவான். தன் குகைவாசலில் இந்தக் கயிற்றைப் பார்க்கும் டிராகனை எண்ணிப் பாருங்கள். மலையளவு தங்கத்தின் மேல் படுத்திருப்பது, சிறகு விரிக்க இடமில்லை, வெளியே வர ஒரு செம்புக்காசு கொடுக்க வேண்டும். கொடுக்குமா? டிஎம்மாக நீங்கள் எவ்வளவு ஆசையோடு நடிக்கக்கூடிய இடம் அது! இத்தனைக்கும் நடுவே கயிற்றைப் பிடித்திருப்பவரின் ஒரு கை கட்டுண்டு கிடக்கிறது. யார் பிடிப்பது என்பதை ஒவ்வொரு முறையும் அவர்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் தீ வாளுக்கு வருவோம். அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதற்கு ஏன் தீப்பிடிக்கிறது? பனிக்கணவாய் ஒன்றில் இரவுக்காவல் நின்ற படையினருக்காகச் செய்தது என்று வையுங்கள். தோழர்கள் உறங்கும்போது குளிரில் விறைத்துவிடாமல் காக்க வேண்டும் என்பதுதான் கொல்லரின் நோக்கம். ஆகவே, முப்பது அடிக்குள் தோழர் ஒருவர் நினைவின்றிக் கிடந்தால் மட்டுமே வாள் எரியும். சாதாரண நேரத்தில் கூட்டலும் இல்லை, தீயும் இல்லை. நண்பர் அடிபட்டுப் பூஜ்ஜிய ஹிட் பாயிண்டில் (உயிர்ச்சக்தி எண்ணில்) விழுந்த கணத்தில் தீப்பிடிக்கும், அப்போது இரண்டு ஆறுபக்கப் பகடை தீச்சேதம்.

உடனே மேசையில் ஒரு வாக்குவாதம் கிளம்பும். விழுந்தவரைக் குணப்படுத்தி எழுப்பினால் வாள் அணைந்துவிடும். இன்னும் ஒரு சுற்று அவரைக் கிடக்க விடலாமா? அவரோ உயிருக்கான பகடையை உருட்டிக்கொண்டிருப்பார். யாராவது ஒருவர், சண்டைக்கு முன்பே நம்மில் ஒருவருக்கு ஸ்லீப் என்ற தூக்க மந்திரம் போட்டுவிடலாமே என்பார். அனுமதியுங்கள். தூங்குகிறவரைப் போர்க்களத்தில் சுமப்பது அவர்கள் பாடு. நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் எந்த வரியும் அந்தக் காவல்காரர்களை இவ்வளவு தெளிவாக அவர்கள் முன் நிறுத்தியிருக்காது. நெடிய வரலாற்றை எழுதுவதில் உங்களுக்கு மகிழ்ச்சி இருந்தால் எழுதுங்கள், ஆனால் அதில் ஒரு வரியாவது பொருளின் விதியாக மாற வேண்டும்.

கயிற்றுக்கும் வாளுக்கும் அட்யூன்மென்ட்டை, அதாவது பாத்திரம் பொருளோடு பிணைந்தால்தான் அதன் சக்தி கிடைக்கும் என்ற விதியை, வேறுவேறாக வைப்பேன். ஐந்தாம் பதிப்பில் ஒரு பாத்திரம் ஒரே சமயத்தில் மூன்று பொருட்களோடுதான் அப்படிப் பிணைந்திருக்க முடியும். கயிறு போன்ற விசித்திரமான சிறு பொருளுக்கும் பிணைப்பு வேண்டும் என்று எழுதினால், கவசத்தைக் கூட்டும் மோதிரத்தோடு அது போட்டியிட வேண்டும், கட்டாயம் தோற்கும். கயிற்றுக்கு வேண்டாம், வாளுக்கு வையுங்கள்.

சாபங்கள் பற்றிக் கொஞ்சம். தெரியாமல் எடுத்தவரைத் தண்டிக்கும் சாபம் எனக்குப் பிடிப்பதில்லை, அதற்குப் பிறகு ஆட்டக்காரர்கள் எதையும் தொடவே பயப்படுவார்கள். விலை கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும். 1976இலேயே இந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்ட வெக்னா என்ற தீய மந்திரவாதியின் கை அதற்கு நல்ல உதாரணம். அதைப் பொருத்திக்கொள்ள உங்கள் சொந்தக் கையை இழந்தாக வேண்டும். ஒருவர் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே யோசிக்கும் நேரம்தான் அந்தப் பொருளின் முழு சுவையும்.

அதே காரணத்துக்காகப் பொருளின் விதியை மறைக்காதீர்கள். ஒரு சிறு ஓய்வு நேரம் அதைக் கையில் வைத்து ஆராய்ந்தால் அதன் தன்மை தெரிந்துவிடும் என்று 2014 விதியே சொல்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கயிற்றை, இப்போதுதான் தொடங்கும் முதல் நிலைப் பாத்திரங்களுக்கே தரலாம், வாளை ஐந்தாம் நிலை வரை தள்ளிப்போடுங்கள். யார் கயிற்றைப் பிடித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.